வெடித்த தோலுக்கு ஒரு சீன எழுத்து

எனக்குச் சீன மொழி தெரியும் என்று முப்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தெரிந்தது ஒரே ஒரு எழுத்து. அதன் பொருள் தோல் வெடிப்பு. அதை வைத்துக்கொண்டு துபாய் கராமாவில் எத்தனை விருந்துகளைக் கெடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். ஒரு டியூட்டிக்குள் எத்தனை முறை கை கழுவுவாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் விரல் முட்டிகள் வெடித்து ரத்தம் கசிந்தது. வெடித்த கையில் கிருமி தங்கும், ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் தியேட்டரில் இடமில்லை என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். அந்த வேலைக்காகவே நாகர்கோவிலிலிருந்து விமானம் ஏறியவள் அம்மா. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

நான் களத்தில் இறங்கினேன். தெருமுனையில் ஒரு சீனப் பெண்மணி கடை வைத்திருந்தார். வியாபாரத்துக்கு வேண்டிய இந்தி மட்டும் பேசுவார். அம்மாவின் கையை நடித்துக் காட்டினேன். ஒரு களிம்பு டப்பாவை எடுத்து, மேலிருந்த பெரிய எழுத்தின் வலப்பாதியைத் தொட்டு, "சம்டா" என்றார். தோல். இடப்பாதியைத் தொட்டு, "ஃபௌஜ்" என்றார். படை.

வீடு வந்து சேருவதற்குள் வரலாறு தயார். பனிமலையில் காவல் நின்ற வீரர்களுக்குக் கை வெடித்தது, அரசன் கலங்கினான், எழுத்து பிறந்தது, கையோடு களிம்பும் பிறந்தது. அம்மா முழுவதையும் கேட்டாள்.

"பட்டாளத்துக்கே கேட்ட மருந்து எனக்குக் கேக்காதா மக்கா? கொண்டா."

ஒரு மாதத்தில் கை ஆறிவிட்டது. அதே வெள்ளை யூனிஃபார்மில் தினமும் டியூட்டிக்குக் கிளம்பினாள். சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த ஆன்டிகளிடம் அவள் விரல்களைப் பிடித்துக் காட்டி விளக்கவுரை நிகழ்த்தினேன். அம்மா கையை உருவிக்கொண்டாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னாளில் ஒரு சீன அகராதியைப் புரட்டியபோது, அந்த எழுத்தில் பொருள் தருவது தோல் மட்டுமே என்று தெரிந்தது. படை வெறும் உச்சரிப்புக்காக வந்து நிற்கிறது. படைக்கும் வெடிப்புக்கும் சீனத்தில் ஒரே ஒலி, 'ஜுன்'. வீரனும் அரசனும் என் கைச்சரக்கு. இருந்தாலும் களிம்பு வேலை செய்ததே!

போன மாதம் எங்களோடு தங்க வந்திருந்த அம்மாவை வைத்துக்கொண்டே நண்பர்களிடம் மறுபடி ஆரம்பித்தேன். அவள் மீன் முள்ளை ஒதுக்கியபடி சொன்னாள்:

"களிம்பு ஒரு மண்ணும் செய்யல்ல மக்கா. அந்த வாரமே என்னைத் தியேட்டர்ல இருந்து தூக்கி ரெக்கார்டு ரூம்ல போட்டாவ. நாள் முழுக்க ஃபைல் அடுக்கிட்டு இருந்தா எவ கைதான் ஆறாது?"