துருத்துக்குச் சும்மா போனது

எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளைக்காரிதான் காரணம். தொண்ணூறுகளின் நடுவில் பொழியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவளைப் பார்த்தேன். தலையில் ஓலைத் தொப்பி, கையில் புத்தகம். தனியாக வள்ளத்தில் ஏறித் துருத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். துருத்து என்றால் நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு நடுவே கிடக்கும் ஒரு தென்னந்தோப்பு. குட்டித் தீவு. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், கூட ஆள் இல்லையா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கேரள எல்லையில் காரோடு என்ற ஊரில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு சந்தை மாதிரி. கணவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர் வேலைக்குப் போனால் மாமியார் இருப்பார். மாமியார் கோயிலுக்குப் போனால், 'நீ தனியா இருப்பியேன்னு வந்தேன்' என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருவார். குளிக்கும்போதுகூட வெளியே நின்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். ஒரே ஒரு பகல் யார் குரலும் கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்குத் துருத்துதான் சரி என்று தீர்மானித்தேன்.

ஒரு நாள் மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இறங்கினேன். பையில் புட்டும் பழமும், ஒரு வாரப் பத்திரிகை, துண்டு, குடை. வள்ளத்தில் ஏறி இறங்கினால் கால் நனையுமே என்று ஒரு மாற்றுச் சேலை. அந்தச் சேலைதான் என்னைக் கவிழ்த்தது.

பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார்.

"எங்க மக்கா போற?"

"துருத்துக்கு அக்கா."

"அங்க யாரு உண்டு?"

"யாரும் இல்ல."

"பின்ன எதுக்காக்கும்?"

"சும்மா."

அக்காவின் கண் பைக்குப் போனது. சேலைத் தலைப்பு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது. "அவன் அடிச்சானா?" என்றார் மெதுவாக. இல்லை என்றேன். "அடிச்சிருந்தா அடிச்சான்னு சொல்லிருப்ப. இது அதுக்கும் மேலயாக்கும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தனியாகக் கிளம்ப ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, கோயில் என்று சில காரணங்கள்தான் உண்டு. இது எதுவும் இல்லாமல் மாற்றுச் சேலையோடு போனால் அதற்குப் பெயர் பிணங்கிப் போவது. புருஷனோடு சண்டை போட்டு வீட்டை விட்டு இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அப்படிப்பட்டவளை வழியில் பார்க்கிறவர்கள் நைசாகப் பேசி நிறுத்தி வைத்து, வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிணங்கிப் போகிறவள் எவளும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். 'சும்மா' என்பாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உண்மையிலேயே சும்மா போகிறவள் வேறு என்னத்தைச் சொல்வது? பொய் சொல்லிவிட்டுப் போக எனக்கு வீம்பு விடவில்லை.

நான் பஸ் ஏறியதும் அக்கா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வள்ளக்காரர் கடற்கரைக்காரர், கழுத்தில் மாதா படம் தொங்கிய பெரியவர். அன்று வெள்ளைக்காரியைத் துருத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியவரும் இவர்தான். அவரும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் துடுப்பைத் துழாவினார். பரவாயில்லையே என்று நினைத்துத் துருத்தில் இறங்கி, ஒரு தென்னைக்கு அடியில் துண்டை விரித்தேன். அவர் வள்ளத்தைக் கட்டிவிட்டு வந்து பக்கத்துத் தென்னைக்கு அடியில் உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க போயிட்டு சாயங்காலம் வாங்க."

"நீ தனியா இரி மக்கா. நான் உன்னப் பாக்கவே மாட்டேன்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பத்திரிகையைத் திறந்தேன். "அந்தத் தென்னை மூட்டுல இருக்காத, காய் விழும்" என்றார். இடம் மாறினேன். "அங்க எறும்பு உண்டு." மறுபடி மாறினேன். "தண்ணி பக்கத்துல போவாத."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த வெள்ளைக்காரிய மட்டும் விட்டுட்டுப் போனீங்களே!"

"அவ எக்கேடும் கெட்டுப் போறா. நீ நம்ம பிள்ளையாக்கும்" என்றார் பெரியவர். புட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொரு வள்ளம் வந்துவிட்டது. முன்னால் என் கணவர், நடுவில் மாமியார், பின்னால் அக்கா. கரை தட்டும் முன்பே கணவர் முழங்கால் தண்ணீரில் குதித்தார். பதற்றம் வந்தால் அவருக்குக் கோர்ட்டு மலையாளம்தான் வரும்.

"ஞான் எல்லாம் சம்மதிக்குன்னு!" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"என்னத்த?"

"உங்க அம்மை குடுத்து விட்ட பலாப்பழம் பஸ்ஸுல களவு போகல்ல. ஆபீஸ்ல வச்சு நாங்க எல்லாரும் தின்னோம்."

எனக்கு அது அதுவரை தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "உன் மீன்கறிக்கு ருசி இல்லன்னு ஊரு பூரா சொன்னது நான்தான் மக்கா. அதுக்காக இப்பிடி இறங்கி வரலாமா?" அதுவும் எனக்குத் தெரியாது. அக்கா ஏங்கி ஏங்கி அழுதார். காணாமல் போன என் தேங்காய் திருவி அவர் வீட்டில் இருக்கிறதாம்.

யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை, நான் சும்மாதான் வந்தேன் என்று சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் பயந்தார்கள். கடைசியில் மூன்று பேர் மீதும் ஒரேயடியாகக் கோபப்பட்டுக் கத்திவிட்டு, மன்னித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

வந்த வேலை முடிந்ததா, அப்போதுதான் அவர்கள் துருத்தைப் பார்த்தார்கள். "நல்ல காத்து உண்டு, இல்லியா?" என்றார் மாமியார். கால்களைத் தண்ணீரில் போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டினார். கணவர் சட்டையைக் கழற்றி ஒரு குட்டித் தென்னையின் மட்டையில் மாட்டினார். இரண்டாவது வள்ளக்காரர் கரிமீன் கொண்டுவந்து தீ மூட்டினார். அக்கா என் மாற்றுச் சேலையை விரித்து அதில் படுத்துக்கொண்டு பத்திரிகையை எடுத்தார். என் இடம், என் சேலை, என் பத்திரிகை. "எலே, ராத்திரி வரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார் மாமியார் மகனிடம்.

நான் எழுந்தேன். "நான் வீட்டுக்குப் போறேன்" என்றதும் ஐந்து தலைகள் திரும்பின. என் பெரியவர் மாதா படத்தைத் தொட்டார். நல்ல காலமாக எனக்குப் புத்தி வேலை செய்தது.

"நாளைக்கு அப்பத்துக்கு அரிசி ஊறப் போடணும்" என்றேன்.

ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமியார் மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துத் தந்தார். பெரியவர் கட்டை அவிழ்த்துக் கரையில் கொண்டு விட்டார். கூட வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வழியில் யார் எங்கே என்று கேட்டாலும் அரிசி என்றேன். எல்லாரும் வழிவிட்டார்கள்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அந்த வீட்டுக்கு வந்து வருஷக்கணக்கில் ஆகியும் கூடத்தில் ஒரு கடிகாரம் ஓடும் ஓசையை அன்றுதான் கேட்டேன். கட்டிலில் குறுக்காகப் படுத்தேன். எனக்கு என்னவோ அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். யாரும் ஏன் என்று கேட்காததால் நிம்மதியாக அழுதேன். பிறகு நன்றாகத் தூங்கிப்போனேன். அரிசியைத் தொடவே இல்லை.

இருட்டிய பிறகு மூன்று பேரும் மீன் வாசத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். மாமியாருக்குத்தான் என்னைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "பாவம், நீ மட்டும் ஒத்தைக்கு வீட்டுல கெடந்து கஷ்டப்பட்டுட்டியே மக்கா."

"அதனால என்ன மாமி" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "அடுத்த மாசமும் நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. வீட்ட நான் பாத்துக்கிடுறேன்."