ஆஸ்திரேலியாவில் அம்மாவின் முறுக்குத் தட்டு

கொளுத்தும் வெயிலில் கிறிஸ்துமஸ். ஆஸ்திரேலியாவில், கடற்கரை விடுதியொன்றில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறோம்.

காலையிலேயே அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் போடியிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எவர்சில்வர் தட்டில் அடுக்கிப் பக்கத்து அறைக்குக் கிளம்பிவிட்டார்.

"அம்மா, அவுக யாருன்னே நமக்குத் தெரியாது!"

"அதுக்காக? பண்டிகையும் அதுவுமாப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம நம்ம மட்டும் திங்குறதா?"

கதவைத் திறந்த வெள்ளைக்காரர் சட்டையில்லாமல் அரைக்கால் டவுசரோடு நின்றார். அம்மா அசரவில்லை. "ஹேப்பி கிறிஸ்மஸ் தம்பி" என்று தட்டை நீட்டினார்.

மதியம் தட்டு திரும்பி வந்தது. நிறையச் செர்ரிப் பழம்!

"பாத்தியா, வெறுந்தட்டா அனுப்பல. நல்லா வளத்திருக்காக" என்றார் அம்மா.

போன கிறிஸ்துமஸுக்குப் போடியில் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன தட்டுதான் இன்னும் வரவில்லை. அக்கா, இந்தப் பதிவுக்கு லைக் மட்டும் போட்டுட்டுப் போயிராதீக.