தங்கச்சிக்கு அனுப்பிய சவுக்காரம்

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தங்கச்சிக்கு ஒரு பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்புவேன். சவுக்காரம், மெழுகுதிரி, ஊசி நூல், காய்ச்சல் குளிசை. சண்டை நேரம் வன்னிக்குள் இதுகளை விடாமல் அரசாங்கம் தடை போட்டிருந்த காலத்தில், ஒரு கட்டிச் சவுக்காரத்தை நூலால் அறுத்துப் பக்கத்து வீடுகளோடு பகிர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வெளிநாட்டில், எங்கள் நியூ லின் கடையில் சவுக்காரம் அடுக்கியிருப்பதைக் கண்டால் இன்றைக்கும் என் கை சும்மா இருக்காது.

தங்கச்சி சண்டையில் கட்டின மனுசனை இழந்தவள். அகதி முகாமால் வெளியே வந்து, தகரக் கொட்டிலில் தேத்தண்ணி ஊற்றி விற்றாள். இப்போது கிளிநொச்சிப் பக்கம் றோட்டுக்கரையில் கல்லால் கட்டின பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டி கட்டினேன்.

போன மாதம் ஒரு பின்னேரம், மகனும் மருமகளும் இன்னும் வேலையால் வரவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்த பேரன் ஹாய் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். நான் தங்கச்சிக்கு வீடியோவில் போன் எடுத்தேன். அங்கே காலமை.

"அக்கா, பெட்டி வந்தது. உங்கட சவுக்காரம் எங்கட கிணத்துத் தண்ணிக்கு நுரைக்குதில்லை."

"அப்ப கடையில வைச்சு வித்துப்போடன்."

"வைச்சனான். சனம் எடுத்து மணந்து பாத்திட்டு, மற்றச் சவுக்காரத்தை வாங்கிக்கொண்டு போகுது. வெளிநாட்டு அக்காவின்ர மவுசு அவ்வளவுதான்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"இனி ஒண்டும் அனுப்பாதேங்கோ அக்கா. என்னட்டை எல்லாம் கிடக்கு."

அவள் வாயால் இதைக் கேட்க வேண்டுமென்றுதான் இவ்வளவு காலமும் கும்பிட்டேன். சந்தோசம்தான். ஆனால் பெட்டி கட்டப் போறன், பெட்டி வந்ததோ, என்ன வேணும் என்று கதைக்கத்தான் நான் அவளுக்கு எடுக்கிறது. வேறு கதை எனக்கு வராது.

"அப்ப... வேற என்ன?" என்றேன்.

"இருங்கோ அக்கா, ஆள் வந்திட்டுது."

போனை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டாள். கூரை மட்டும் தெரிந்தது. "பாதித் தேங்காயைத் திருவித் திண்டுபோட்டு, மிச்சம் அழுகல் எண்டு கொண்டுவாறியோ?" என்று யாரையோ ஏசினாள். அந்த மனுசி விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பேக்கரிப் பாண்காரன் வந்தான். பிறகு யாரோ சீனி கேட்டார்கள்.

என்னை மறந்துபோனாள். கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அவளுக்கு யாவார நேரம். போனை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விற்கிறதைக் கேட்டபடி இருந்தேன்.