மாம்பூவுக்குக் கட்டிய கருவாடு

அன்று காலை ஏழரை மணிக்கு மரத்தடியில் நின்று மாம்பூவைப் படம் எடுத்து, பக்கத்து வீட்டு எஸ்தரக்காவின் எண்ணுக்கு அனுப்பியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மதுரையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனவர், பூ பாதி விரிந்ததும் படம் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். எட்டு மணிக்கு அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. படம் மங்கலாக இருக்கிறது, இன்னும் கிட்டே போய் எடு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்தவுடனேயே "கை ஆடிருச்சுக்கா, வேற எடுக்கிறேன்" என்றேன். பேசியது அவர் மகன் டேனியல். அம்மா காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னான். எனக்கு உடனே அழுகை வரவில்லை. "பூ பாதிதானே விரிஞ்சிருக்கு" என்று அவனிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பெரியகுளம் தென்கரையில் இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு எஸ்தரக்காவைத் தெரியும். முப்பது வருஷம் லேப்பில் ரத்தம் எடுத்தவர். ஆளின் பெயரை மறந்தாலும் நரம்பை மறக்கமாட்டார். கடைவீதியில் எதிர்ப்பட்டவரை நிறுத்தி, "உங்களுக்கு வலது கையில நரம்பு ஒளிஞ்சுக்கிரும், யாரு எடுத்தாலும் இடதை நீட்டுங்க" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த எஸ்தரக்காவைப் பற்றி நீங்களே நிறையச் சொல்வீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த எஸ்தரக்காவைப் பற்றி நான் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு காரியமும் வரும். அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

நாங்கள் அந்த வீட்டுக்கு ஒரு மாசி மாதம் குடிவந்தோம். எஸ்தரக்கா வீட்டுக் காசா லட்டு மாமரம் மதிலைத் தாண்டிப் பாதி எங்கள் கொல்லைப்புறத்தில்தான் நின்றது. அதன் கீழே துணி காயப்போட்டால் சாயங்காலம் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். கொஞ்ச நாளில் இலையெல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் வெள்ளை வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்கே போனேன். கிளையை வெட்டுங்கள், இல்லாவிட்டால் மருந்தடியுங்கள் என்றேன். அவர் வேட்டியை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பிறகு என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஒரு கிளையை ஆட்டினார். சடசடவென்று தூறல் விழுகிற சத்தம் கேட்டது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு கைலென்ஸை என்னிடம் கொடுத்து இலையடியைப் பார்க்கச் சொன்னார். ஆப்பு மாதிரி தலை பெருத்து வால் சிறுத்த, கோதுமை மணியைவிடச் சின்னப் பூச்சிகள். நான் குனிந்ததும் அவை பக்கவாட்டில் நகர்ந்து இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"தத்துப்பூச்சி. சாறைக் குடிச்சிட்டு அது கழிக்கிற இனிப்புத்தான் உங்க வேட்டியில இருக்கு" என்றார். "வந்தது யாருன்னு பாக்காம அடிக்கக் கூடாது ஆத்தா. காய்ச்சலுக்கும் அதேதான். ரத்தத்தைப் பாக்காம மாத்திரை குடுக்கலாமா?"

இந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருப்பேன். அந்த மழைக்காலம் முடிந்ததும் ஆள் வைத்து மரத்தின் உட்கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் உள்ளே போகவிட்டார். பூ வருவதற்கு முன்னால் வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து அடித்தார். வேட்டி அதன் பிறகு ஒட்டவில்லை. சண்டைக்குப் போனவள் ஞாயிறு தவறாமல் மதிலோரம் நிற்க ஆரம்பித்தேன்.

அதற்கு முன்பே, குடிவந்த முதல் சித்திரையிலேயே பழத்துக்குள் புழு வந்தது. வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அறுத்தால் உள்ளே நெளிகிறது. பழ ஈ என்றார். ஆண் ஈக்களுக்குத் துளசி வாசம் என்றால் உயிராம். எங்கள் வீடு முட்டைகூட வாங்காத சைவ வீடு. கொல்லையில் துளசி மாடம் உண்டு, என் மாமியார் வந்தால் அதற்குத்தான் முதல் கும்பிடு. அந்தத் துளசியில் ஒரு கைப்பிடி கேட்டு மதிலுக்கு மேல் கையை நீட்டினார் எஸ்தரக்கா. நசுக்கித் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கட்டியதும் சாயங்காலத்துக்குள் நாற்பதுக்கு மேல் ஈ விழுந்திருந்தது. ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினார். "உங்க சாமிச் செடிக்கு எம்புட்டுச் சக்தி பாத்தியா மீனா" என்று என்னைச் சீண்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாமரத்துக்கு ஈ என்பது எதிரி என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அரைகுறையாகக் கற்றுக்கொண்டதில் வந்த வினை அது.

அடுத்த தை மாதம் மரம் இலை தெரியாமல் பூத்தது. எஸ்தரக்கா நாலைந்து கருவாட்டைச் சணலில் கோத்துக் கிளைக்குக் கிளை கட்டித் தொங்கவிட்டார். நாற்றம் எங்கள் அடுக்களைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சையும் நீலமுமாகப் பெரிய பெரிய ஈக்கள் பூவெல்லாம் மொய்த்தன. என்னக்கா இது என்று கேட்டேன். லேப்புக்குக் கிளம்புகிற அவசரத்தில், வந்து சொல்றேன், தொட்டுறாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் சாப்பிடாமல் எழுந்து போனார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மாமியார் வீரபாண்டியிலிருந்து வருவதாக இருந்தது. கருவாட்டு வாசம் அடிக்கிற வீட்டில் அவர் கால் வைக்கமாட்டார்.

கருவாட்டை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. தொட்டால் குளிக்க வேண்டும். வாசத்தைச் சாம்பிராணி போட்டு அமுக்கிவிடலாம், ஈயை ஒழித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். என் கொழுந்தனின் தோப்பில் மிஞ்சிய மருந்து வீட்டில் இருந்தது. ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில், கூட ஊற்றினால் கூடக் கேட்கும் என்று இரண்டு மூடி ஊற்றினேன். எஸ்தரக்கா வேலையில் இருந்த வியாழக்கிழமை காலை, எங்கள் பக்கத்துக் கிளைகள் முழுக்க அடித்தேன். மத்தியானத்துக்குள் முற்றமெல்லாம் ஈ செத்துக் கிடந்தது. அவர் வருவதற்குள் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன். மாமியார் வந்தார், பூஜை நடந்தது. சாயங்காலம் மதிலோரம் நின்று எஸ்தரக்கா கருவாட்டு விஷயத்தை விளக்கினார். மாம்பூவைக் காயாக்குவது ஈதான், தேனீகூட அப்புறம்தான், அதனால்தான் கருவாடு கட்டி விருந்துக்குக் கூப்பிடுகிறோம் என்றார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

பங்குனியில் அது தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு. இந்தப் பக்கம் வெறுங்காம்பு. ஒரே மரம், ஒரே வேர். எஸ்தரக்காவுக்கு அது வருத்தமாகவே இல்லை, ஆச்சரியமாக இருந்தது. எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று குறித்தார். எங்கள் அடுக்களைப் புகையைச் சந்தேகப்பட்டார். நாங்கள் துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து லேப்புக்கே கொண்டுபோனார். தினமும் வந்து, இன்று இதைப் பார்த்தேன், அது காரணம் இல்லை என்று சொல்லுவார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், அதற்குள் அவர் அடுத்த சந்தேகத்துக்குப் போயிருப்பார். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஆனி மாதம் டேனியல் மதுரையிலிருந்து வந்தான். பாதி மரம் காய்க்காமல் நின்றதைப் பார்த்தவன், பட்டுப்போகிறது என்று பயந்துபோய் ஆளுக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை மரம் அறுக்கிறவர் கயிறும் ரம்பமுமாக வந்துவிட்டார். அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வண்டு அரித்துவிட்டது, அதனால்தான் பாதி மரம் காய்க்கவில்லை, அடுத்த காற்றுக்குப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாயும் என்றார். பக்கத்து வீடு என்றது எங்கள் வீட்டை. எஸ்தரக்கா லென்ஸோடு அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டு போனால் துளை இருக்கும், துளை இருந்தால் மரத்தூள் இருக்கும், இரண்டும் இல்லையே என்றார். அப்புறம் ஏம்மா காய்க்கல என்று டேனியல் கேட்டான். அவர் மறுபடி லென்ஸை அடிமரத்தில் வைத்துக் குனிந்தார். மேல் கொம்பில் கயிறு ஏறிவிட்டது. டேனியல் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டு மேல விழுந்தா நாங்க என்னக்கா பதில் சொல்றது?" என்றான்.

"மரத்துல ஒண்ணும் இல்ல. நான்தான் மருந்தடிச்சேன். பூவுல இருந்த ஈயெல்லாம் செத்துப்போச்சு" என்றேன்.

எஸ்தரக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். என்ன மருந்து என்று கேட்டார், சொன்னேன். எத்தனை மூடி என்றார். இரண்டு என்றேன். எந்நேரம் என்றார். பத்து மணி இருக்கும் என்றேன். வெயில் ஏறி ஈ மேய்கிற நேரம் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பிறகு மகனிடம், "கயித்த அவுக்கச் சொல்லுப்பா. மரத்துக்கு நோவு இல்ல" என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பது நாள் அந்தக் கதவு என் பக்கம் திறக்கவில்லை. மரத்தைக் கெடுத்ததற்கான கோபம் அல்ல அது. மூன்று மாதம் அவர் அலைந்து திரிந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்கான கோபம். அது நியாயம்தான் என்று எனக்கே தெரிந்தது. தெருவில் பார்த்தாலும் என்னைத் தாண்டிப் போனார். என் கணவர்கூட, பேசாமல் அந்தக் கருவாட்டு நாற்றத்தையே பொறுத்துக்கொண்டிருக்கலாம் என்றார்.

பத்தாம் நாள் காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"ஏத்தா மீனா, மருந்தடிச்ச அன்னைக்குக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுச்சு?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "அழுகைய அப்புறம் வச்சுக்க, காத்தச் சொல்லு" என்றார். யோசித்துப் பார்த்தேன். கிழக்கிலிருந்து, அவர் வீட்டுப் பக்கமிருந்து அடித்தது. ஸ்பிரேயரிலிருந்து வந்த சாரல் என் மேலேயே விழுந்தது நினைவிருந்தது. அதைச் சொன்னேன். "அதான் எங்க பக்கம் தப்பிச்சிருக்கு" என்று முகமெல்லாம் மலர எழுதிக்கொண்டார். ராத்திரியெல்லாம் அது ஒன்றுதான் புரியாமல் இருந்ததாம், கேட்டுவிடுவோம் என்று வந்துவிட்டாராம். போகிறபோது திரும்பி, "பாவம், உங்க சோப்புத் தண்ணியத்தான் மூணு மாசமா சந்தேகப்பட்டேன்" என்றார். இருவரும் சிரித்தோம். அதன் பிறகு அந்த விஷயத்தை அவர் எடுத்ததே இல்லை. மரம் அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு பக்கமும் காய்த்தது. தை பிறந்தால் எங்கள் அடுக்களை ஜன்னல் சாத்திக் கிடக்கும், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் டேனியல் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். லென்ஸையும் நோட்டையும் கொடுத்தான். மரத்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு நாளில் பூ முழுசாக விரிந்துவிட்டது. ஒரு ஈயைக் காணோம்.

ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகக் கருவாட்டுக் கடைக்குப் போனேன். புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றவளைக் கடைக்கார அம்மா ஒரு மாதிரி பார்த்தார். நெத்திலியா, வாளையா, குழம்புக்கா, பொரிக்கவா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஈ நல்லா மொய்க்கணும்" என்றேன்.

அந்த அம்மா தராசை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரத்தம் எடுக்குற எஸ்தரம்மா வீட்டுக்கா? பூ நேரத்துக்கு அவுகளும் இப்பிடித்தான் கேப்பாக. இந்த வருசம் ஆளைக் காணோமேன்னு நெனச்சேன். சொகமா இருக்காகளா?"

சொன்னேன். சொல்லும்போதுதான், பத்து நாளாக வராத அழுகை அந்தக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் வந்தது. அந்த அம்மா உதிர்ந்து போனதாகப் பார்த்துப் பொறுக்கித் தாளில் கட்டிக் கொடுத்தார்.

நானே சணலில் கோத்து, மதிலுக்கு இரண்டு பக்கமும் கட்டினேன். கை நாறியது. என் கணவர் வந்து பார்த்தார், அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியதும் முதல் ஈ வந்து ஒரு பூங்கொத்தில் உட்கார்ந்தது. லென்ஸை எடுத்து யாரென்று பார்த்தேன். பச்சை முதுகு, கால் முழுக்க மஞ்சள் தூள்.

லென்ஸும் நோட்டும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எதுவென்று கேட்டால், ஒன்பது நாள் கோபத்தை ஒரு கேள்விக்காக விட்டுவிட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த அந்த முகத்தைத்தான் சொல்வேன். அன்று அவர் எழுதிய பக்கத்திலிருந்து பல பக்கங்கள் தள்ளி, வெறும் தாள் ஆரம்பிக்கிற இடத்தில், தேதி போட்டு எழுதினேன்: பதினொரு மணிக்குள் இருபத்தாறு ஈ. காற்று கிழக்கிலிருந்து.