பெருவிரலைத் தாண்டிய விரல்

என் காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் கொஞ்சம் நீளம் அதிகம். அப்படி இருந்தால் அந்தப் பெண் புருஷனை அடக்கி ஆள்வாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கோ வீட்டுக்கு வந்தவர்களை "வாங்க" என்று கேட்கவே நாக்கு எழாது.

தொண்ணூறுகளின் நடுவில், கோச்சடை வீட்டுக்கு வந்து மூன்று வீட்டார் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தடவையும் வந்த பெண்களின் கண் என் முகத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கீழே என் காலுக்குப் போனது. மருமகள் வந்த பிறகு மாடு செத்தால்கூட அவள் 'காலடி எடுத்து வைத்த நேரம்' என்பார்கள். வாசல்படியைத் தாண்டி முதலில் உள்ளே வருவது கால் என்பதால் அந்தப் பேச்சு வந்திருக்கும். ஆண்களுக்கு வேறு பேச்சு. ஊர் சுற்றுகிறவனுக்குக் 'கால்கட்டு' போட வேண்டும் என்பார்கள். வைகைக் கரையில் மேயும் மாடுகளுக்குக் கழுத்தையும் முன்னங்காலையும் சேர்த்துக் கயிறு கட்டியிருக்கும். தூரம் போக முடியாது. அதிலிருந்து வந்தது. கட்டு அவர்களுக்குத்தான். சோதித்துப் பார்த்ததெல்லாம் என் காலை.

நான்காவதாக, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டார் வருவதாக இருந்தது. அம்மா ஒரு வாரம் பழக்கினாள். அந்த விரலை உள்ளே மடக்கிக்கொண்டு, சேலைக் கரை தரையில் படும்படி, காபித் தட்டுடன் நடக்க வேண்டும்.

"மடக்கிக்கிட்டே நட. ஒனக்கு முடியாம தங்கச்சிக்கு எப்படிப் பாக்குறது?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தட்டை நீட்டினேன், கும்பிட்டேன், நின்றேன். உட்கார யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அத்தை கேசரியை மென்றபடி கேட்டாள்.

"ஏத்தா, நீயும் வாயத் தெறப்பியா, இல்ல எங்க பயதான் அம்புட்டும் பேசணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மடக்கிய பாதத்தில் நரம்பு இழுத்துக்கொண்டது. வலி கெண்டைக்கால் வரை ஏறியது.

"கொஞ்சம் சேலையத் தூக்கிக் காலக் காட்டுத்தா."

அம்மா அடுப்படி வாசலிலிருந்து என்னையே பார்த்தாள். சேலையைத் தூக்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. மடக்கிய விரலை நீட்டிவிட்டேன்.

"அதான பாத்தேன்" என்ற அத்தை, அம்மாவிடம் திரும்பினாள். "சரி மதினி, போயிட்டுச் சொல்லி விடுறோம்."

நாலு நாள் கழித்துத் தரகர் வந்து, ஜாதகம் பொருந்தவில்லையாம் என்றார். பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அம்மா தங்கையைப் பார்த்தாள்.

தரகர் செருப்பை மாட்டும்போது வாசலுக்குப் போனேன். அதுவரை அவரிடம் நான் பேசியதில்லை.

"அண்ணே, அடுத்து வாரவுகட்ட வெரலப் பத்தி முன்னாடியே சொல்லிருங்க."

"சொன்னா ஒருத்தரும் வர மாட்டாகத்தா."

"வராட்டிப் போகட்டும்ணே."

சொல்லியிருப்பார் போல. அடுத்து வருவதாக இருந்த இரண்டு வீட்டாரும் வரவில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கைக்கே முதலில் பார்க்கலாமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பாருங்கம்மா" என்றேன். அப்படியே பாயை விரித்து, காலை நீட்டி அசந்து தூங்கியவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.