தடை நீக்கும் மாத்திரை

பெரியவர்களுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டாக இருக்கும் வீட்டில் இங்கிலிஷ் தெரிந்த பிள்ளையாகப் பிறப்பது ஒரு தண்டனை. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்கு வந்த கவுன்சில் கடிதம் முதல் சலவைத்தூள் பெட்டியின் குறிப்பு வரை எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. எனக்குப் பத்து வயது.

விக்டோரியா மகாராணி காலத்துப் பொருள் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எங்களோடு இருந்த சித்தப்பா வால்தம்ஸ்டோ சந்தையில் ஒரு பழைய சஞ்சிகை வாங்கி வந்தார். கதைகளைவிட மருந்து விளம்பரங்கள்தான் அதில் அதிகம். வழுக்கை, வாதம், பித்தம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. சர்வரோக நிவாரணி விற்பவன் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

ஆளாளுக்குத் தங்கள் வருத்தத்தை அதில் தேடச் சொன்னார்கள். அப்பாவுக்கு முதுகு, சித்தப்பாவுக்குத் தலைமயிர். சித்தி மட்டும் பெண்களுக்கான மாத்திரை ஒன்றில் நின்றுவிட்டார். எவ்வளவு நாட்பட்டதானாலும் எல்லாத் தடைகளையும் நீக்கும் என்று அகராதி பார்த்து நான் சொன்னதுதான் தாமதம்.

“தடை எண்டோ போட்டிருக்கு?” என்றார்.

சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருடம், பிள்ளை இல்லை. குறிப்புப் பார்த்த சாத்திரியாரும் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன், “பிள்ளை, அதை இன்னொருக்கா வாசி பாப்பம்” என்பார். அடியில் பொடி எழுத்தில், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது என்று இருந்தது. அதையும் வாசித்தேன். சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

“கண்டியோ, பிள்ளை தங்கினாப் பிறகு நிப்பாட்ட வேணுமாம். வேலை செய்யாத மருந்துக்கு இப்பிடிப் போடுவானோ?”

அது நூறு வருடத்துக்கு மேல் பழைய விளம்பரம் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் நொந்தது. நல்ல மருந்தென்றால் இப்போதும் இருக்கும் என்பது சித்தியின் கட்சி.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தையே கிழித்துக்கொண்டு என்னையும் மருந்துக்கடைக்கு இழுத்துப் போனார். அங்கே இருந்த பெண் மதுரைப் பக்கத்தவர், தமிழிலேயே பேசினார். தாளை இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம், “பாப்பா, நீ அந்தப் பக்கம் பிரஷ் எல்லாம் பாத்துட்டு இரும்மா” என்றார்.

தமிழ் பேசும் ஆள் இருக்கும் கடைக்கு நான் எதற்கு? எரிச்சலில் பல் பிரஷ்களை நிறம் பிரித்து அடுக்கினேன். காதில் விழுந்தது கொஞ்சம்தான்.

“அந்தக் காலத்துல வெளிப்படையா எழுத மாட்டாங்கக்கா. தடைன்னா...”

பிறகு குரல் தாழ்ந்துவிட்டது.

வெளியே வந்த சித்தி தாளை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வழி முழுக்க நான் சண்டை பிடித்தேன். கிழித்தது போதாதென்று எறிந்தும் விட்டால் டீச்சருக்கு நான் என்ன சொல்வது? சித்தி அழுவதைக் கண்டதும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கிழித்தது அவர், அழவேண்டியது நானல்லவா?

பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்து விளம்பரங்களைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த மாத்திரையை யார் தேடி வாங்கினார்கள் என்று தெரிந்தது. கர்ப்பத்தைக் கலைக்க வழி தெரியாமல் தவித்த பெண்கள். விளம்பரக்காரன் தடை என்று எழுதியது பிள்ளையை.