சாலை முழுக்க ஒரு தாலாட்டு

நான் மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் எண்ணூர் சாலையில் லாரிகள் ஓடி அதிகம் பார்த்ததில்லை, நின்றுதான் பார்த்திருக்கிறேன். துறைமுக வாசலில் தொடங்கும் வரிசை காசிமேடு தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, சில நாட்களில் எர்ணாவூர் வரைக்கும் நீளும். ஒவ்வொரு லாரியின் முதுகிலும் ஒரு கன்டெய்னர். டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்தார்கள், அதே நிழலில் படுத்துத் தூங்கினார்கள், கடல் அரிப்புக்காகக் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல் சட்டை துவைத்துக் காயப்போட்டார்கள். கப்பலேறி வெளிநாடு போகிற சரக்கெல்லாம் எங்கள் தெருவை ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் போயிற்று.

என் நைனாவும் அப்படியொரு டிரெய்லர்தான் ஓட்டினார். வண்டி எங்கள் சந்து முனைக்கு வந்து நின்றால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எங்கள் மொட்டைமாடியில் எந்தத் துணி காய்கிறது என்று அவரால் பார்க்க முடியும். ஆனால் வீட்டுக்கு வர முடியாது. கிளீனர் என்று யாரும் கிடையாது. வரிசை எப்போது நகரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. நகரும் நேரத்தில் வண்டியில் ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். அப்புறம் அந்த இடத்துக்காக அடிதடிதான். அதனால் வீடுதான் வண்டிக்குப் போயிற்று. சித்தி எவர்சில்வர் கேரியரைத் தூக்கிக்கொள்வாள், நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொள்வேன்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியதே அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான். அந்த வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அம்மா சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுவலி என்று எனக்குச் சொன்னார்கள். எனக்கும் அவ்வப்போது வயிற்றுவலி வரும், ஓமத்தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை இருந்து கலைந்தது, அது ஆண் பிள்ளை என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு சித்தி ஒருநாள் வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும்.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றியபோது நைனா இதே வரிசையில்தான் இருந்தார், துறைமுக வாசலுக்குப் பக்கத்தில். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். “இன்னும் அஞ்சாறு வண்டிதான் கீது, வுட்டுட்டு ஓடியாந்துர்றேன்” என்றார். அந்த ஐந்தாறு வண்டி உள்ளே போக விடிந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அம்மா அவரிடம் பேசவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, அவருக்குப் போடுகிற சோற்றிலும் குறை வைக்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். இதுவும் எனக்குப் புரியவில்லை. தொண்டைக் கட்டு என்று நினைத்தேன்.

நான் சொல்லவந்த நாளில் சித்திக்குக் காய்ச்சல். நைனாவின் வண்டி சந்து முனையில் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். அம்மா கொஞ்ச நேரம் கேரியரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, “வா” என்று என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

எங்களைப் பார்த்ததும் நைனா கதவைத் திறந்துவிட்டுக் கீழே குதித்தார். அம்மாவுக்குக் கை கொடுக்கலாமா என்று யோசித்து, கடைசியில் எனக்குக் கொடுத்தார். அம்மா தானாகவே கம்பியைப் பிடித்து ஏறி, கடலைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். நடுவில் நான். நைனா என்னிடம் சொன்னார்:

“ஒங்கம்மாவ கேளு, ஒடம்பு எப்டி கீதுன்னு.”

“ம்மா, ஒடம்பு எப்டி கீதுன்னு நைனா கேக்குது.”

“கீதுன்னு சொல்லு.”

“கீதாம் நைனா.”

இதை நான் ஒரு விளையாட்டென்றே எடுத்துக்கொண்டேன். இன்னும் நாலு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நைனா ரேடியோவைப் போட்டார்.

அந்த நேரத்துக்கு எஃப்.எம்.மில் நேயர் விருப்பம். பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். அன்று நாட்டுப்புறப் பாட்டு வாரம் என்று நிகழ்ச்சி நடத்தும் பெண் சொன்னாள். பழைய தாலாட்டு ஒன்றை எல்லோரும் கேட்கிறார்கள் என்று சொல்லி, ஒவ்வொருவராகப் பேசவிட்டாள். மணலி புதுநகரிலிருந்து ஒரு அம்மா, அந்தப் பாட்டைக் கேட்டால் தன் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே பாயில் தூங்கிய நாள் நினைவு வரும் என்றார். ஒருவர் இரும்புப் பட்டறையிலிருந்து பேசினார். தனக்கு அழுகை வரும், ஏனென்று தெரியாது, தனக்கு யாரும் தாலாட்டுப் பாடியதே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். கல்யாணமாகாத பெண் ஒருத்தி, இந்தப் பாட்டைக் கேட்டால் நிம்மதியாகத் தூக்கம் வரும், அதனால் பரீட்சைக்கு முன்னால் கேட்பதில்லை என்றாள். நைனா கேரியரைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது.

இசை என்று பெரிதாக எதுவுமில்லை. ஒரு வயதான பெண்குரல், கூடவே ஏதோ ஒரு தோல்வாத்தியத்தின் மெல்லிய தட்டல். பிள்ளை தூங்குகிறது, சத்தம் போடாதே என்று ஒவ்வொன்றிடமும் கெஞ்சுகிற பாட்டு அது. முதலில் அலையிடம், பிறகு காக்கையிடம், பிறகு கோயில் மணியிடம். 

நைனா எச்சில் கையோடு ரேடியோவை அணைத்தார்.

பாட்டு நிற்கவில்லை. முன்னால் நின்ற வண்டியிலிருந்து வந்தது. பின்னால் நின்ற வண்டியிலிருந்தும் வந்தது. அதற்கு முன்னால், அதற்கும் முன்னால் என்று வரிசையில் இருந்த அத்தனை டிரைவர்களும் அதே ஸ்டேஷனைத்தான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒரே கிழவி ஒரே நேரத்தில் அந்தச் சாலை முழுக்க உட்கார்ந்து பாடினாள். வண்டிக்கடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு வருபவர் பெடலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கை தட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

நைனா கையைக்கூடக் கழுவாமல் கீழே இறங்கி முன்வண்டிக்குப் போனார். அதன் டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பெரிய மீசை, எனக்கு அவரைக் கண்டாலே பயம். அவர் கதவில் சாய்ந்துகொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அத்த கொஞ்சம் நிறுத்து” என்றார் நைனா.

“ஏம்யா? நல்ல பாட்டுல்லா?”

“நிறுத்துன்றேன்ல!”

நைனா படியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ரேடியோவின் குமிழைப் பிடித்தார். மீசைக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். “ஒமக்கு என்னவே கேடு? எம் பிள்ளையப் பாத்து ரெண்டு மாசமாச்சு, ஒரு பாட்டக் கேக்க விட மாட்டீரா?” என்று கத்தினார். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து நடுவில் புகுந்து, “இன்னாபா, பாட்டுக்குப் போயி அட்ச்சிக்கிறீங்க, பேஜாரு பண்ணாதீங்கபா” என்று விலக்கினார். நைனா உதறிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நடந்தார். அங்கேயும் கதவைத் தட்டினார். அதற்கடுத்த வண்டிக்கும் போனார். கிழவி விடாமல் பாடிக்கொண்டே இருந்தாள்.

என் அப்பா எல்லோர் எதிரிலும் ஒரு பாட்டோடு சண்டை போடுவது எனக்கு வெட்கமாக இருந்தது. ரேடியோ சத்தம் அதிகமென்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். வேகமாகக்கூட நடக்கவில்லை. நாலாவது வண்டிக்குப் பக்கத்தில் நைனாவின் கையைப் பிடித்தாள்.

“யோவ். வுடு.”

நைனா திரும்பினார்.

“எத்தினி வண்டியதான் நிறுத்துவ? பாடிட்டுப் போவட்டும் வுடு.”

அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. தொண்டை சரியாகிவிட்டதே என்று நினைத்தேன். நைனா அப்படியே கருங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். சோறு ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா உட்காரவில்லை, அவர் தலை தன் இடுப்பில் படுகிற தூரத்தில், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாட்டின் கடைசி அடி வந்தது. பிள்ளையின் தகப்பன் எங்கேயோ தொலைவிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருகிறான்; மாட்டுக் கழுத்து மணியைக் கழற்றி வைத்துவிட்டு மெல்ல வா என்று அவனிடம் கெஞ்சுகிறாள் கிழவி.

அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது.

நாளெல்லாம் அசையாமல் நிற்கிற வரிசை நகர்ந்தால் ஒரு பதற்றம் பிறக்கும். துவைத்த சட்டையை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள், கொதிக்கிற குழம்போடு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எஞ்சின்கள் வரிசையாக உறுமின. முன்வண்டி கிளம்பியது. எங்கள் வண்டிக்கு முன்னால் காலி இடம் நீண்டுகொண்டே போயிற்று. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். “நைனா! நைனா!” என்று நானும் கத்தினேன். அவர் தலை நிமிரவில்லை. அம்மா மட்டும் ஒருமுறை திரும்பி வண்டியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது டிரைவர் பக்கக் கதவு திறந்தது. ஒல்லியான ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். பின்வண்டிக்காரர். தமிழ் தெரியாதவர், வடக்கே எங்கிருந்தோ வந்தவர். எனக்கு அதெல்லாம் எங்கே நினைவிருந்தது? “திருடன்! திருடன்!” என்று அலறினேன். அவர் சிரித்தார். “நை பேட்டி, நை” என்று இந்தியில் சமாதானம் சொன்னபடி வண்டியை நகர்த்தினார். நான் அழத் தொடங்கியதும் என் கையை எடுத்து ஹாரன் மேல் வைத்து அழுத்தினார். அது போட்ட சத்தத்தில் அழுகை நின்றுவிட்டது. முன்வண்டியை ஒட்டினாற்போல் எங்கள் வண்டியை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, குதித்துத் தன் வண்டியை நோக்கி ஓடினார். அதற்குள் யாரோ இருவர் அவர் வண்டியை முந்திவிட்டிருந்தார்கள். அவர் ஜன்னலில் கை வைத்து அவர்களைத் திட்டிக்கொண்டு கிளம்பியது கண்ணாடியில் தெரிந்தது.

நைனாவும் அம்மாவும் நடந்து வந்தார்கள். அம்மா பாட்டில் தண்ணீரை ஊற்ற, நைனா கையைக் கழுவினார். “இன்னொரு தட்டுல போட்றேன், துன்னு” என்றாள். மீசைக்காரர் இறங்கி வந்து ஒரு டீயை நைனாவிடம் நீட்டினார். நைனா வாங்கிக்கொண்டார். வண்டித் திருடனை ஹாரன் அடித்தே விரட்டிய கதையை நான் எல்லோருக்கும் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பாட்டில் பாதி மனப்பாடமாகியிருந்தது. ஒரு சாலையையே நிறுத்தி வைத்த பாட்டாயிற்றே, வீட்டில் பாடினால் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று உரக்கத் தொடங்கினேன். சித்தி பாய்ந்துவந்து என் வாயைப் பொத்தினாள். “இன்னா பாட்டு பாட்ற நீ? பட்ச்சியா, வூட்டுப் பாடம் எழுதினியா?”

“கைய எடுடி” என்றாள் அம்மா. பிறகு என்னிடம், “இன்னொரு தபா பாடு” என்றாள்.

பாடினேன். காக்கையை விட்டுவிட்டேன், அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த அடியைத் தானே மெல்லப் பாடிச் சேர்த்தாள். வாசலில் நைனா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடித்ததும் மறுபடி பாடச் சொன்னாள். பாடினேன். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அவளுக்குப் பொறாமை என்று முடிவு செய்தேன்.

அத்தனை முறை கேட்டார்களே, அப்படியானால் என் குரல் அபாரமாகத்தான் இருக்க வேண்டும். இந்த நம்பிக்கையில் அந்த மாதம் பள்ளியில் நடந்த பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். இரண்டாவது அடியிலேயே டீச்சர், “போதும்மா, போய் உக்காரு” என்றார். யாரும் அழவில்லை. யாரும் எதையும் கீழே வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த டீச்சருக்குப் பாட்டென்றால் என்னவென்றே தெரியாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “ஆமா, அவங்களுக்கு இன்னா தெரியும்” என்றாள்.